நெய்தலிலிருந்து குறிஞ்சிக்கு: மலையேறும் மிதிவண்டியின் கதை

வீராம்பட்டினத்துக் கடற்கரையில் நின்று நாற்புறமும் நோக்கினால் ஏற்றம் என்று சொல்லத்தக்க எதுவும் கண்ணில் படுவதில்லை. கிழக்கே கடல், மேற்கே அரியாங்குப்பத்து ஆறும் தென்னந்தோப்புகளும், நடுவே செங்கழுநீர் அம்மன் கோயிலும் மீனவர் குடியிருப்புகளும். அருகிலுள்ள அரிக்கமேடு கூட, 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்து ரோமானிய வணிகத்தின் தடயங்களை உலகறியச் செய்த புகழ்பெற்ற இடமாயினும், ஆற்றங்கரையோரத்து மண்திட்டுதான். சமவெளி மக்களாகிய நாம் ஓரடி உயர்ந்த நிலத்தையும் 'மேடு' என்று பெயரிட்டு நினைவில் வைத்துக்கொள்கிறோம். அரிக்கமேடு, கோரிமேடு என்னும் பெயர்கள் அதற்குச் சான்று.

இந்த மேடுகளுள் ஒன்றுக்கு வேடிக்கையான வரலாறு உண்டு. புதுச்சேரி நகருக்கு வடமேற்கே, இன்று ஜிப்மர் மருத்துவமனை அமைந்துள்ள கோரிமேட்டுப் பகுதியின் செம்மண் நிலத்தைப் பிரெஞ்சுக்காரர்கள் 'சிவப்பு மலைகள்' என்னும் பொருள்பட அழைத்தனர். ஆல்ப்ஸையும் பிரனீஸையும் தம் நாட்டில் வைத்திருந்தவர்கள், நூறு மீட்டர் உயரத்தைக் கூட எட்டாத ஒரு மேட்டை மலை என்றார்கள்! நகைப்பதற்கு முன் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். மலை என்பது உயரத்தைப் பொறுத்தது மட்டுமன்று, அது எங்கே நிற்கிறது, யார் அதன் முன் நிற்கிறார்கள் என்பதையும் பொறுத்தது. மிதிவண்டியின் வரலாறு இதையே வேறு விதமாகச் சொல்கிறது.

புதுச்சேரிச் சாலைகளில் விடியற்காலையில் தலைக்கவசம் அணிந்து, கியர் வைத்த மிதிவண்டிகளில் விரையும் இளைஞர்களை இன்று நாம் காண்கிறோம். அவர்களுள் சிலருடன் பழக நேர்ந்தபோது அவர்கள் எழுப்பிய கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம். "நீலகிரியில் ஏற வேண்டும் என்று ஆசை. ஆனால் கடலோரத்தில் பிறந்து வளர்ந்த நாங்கள் மலைக்கு எங்கே பயிற்சி எடுப்பது?" பந்தயக்காரர்களின் கேள்வி அன்று இது. அலுவலகமும் குடும்பமும் உள்ள, வார இறுதியில் மட்டும் ஓட்டக்கூடிய எளிய ஆர்வலர்களின் கேள்வி. விடை தேடி வரலாற்றுக்குள் போனபோது, மலையை மிதிவண்டிக்கு வசப்படுத்தியவர்களும் இத்தகைய ஆர்வலர்களே என்பதைக் கண்டோம்.

*

1910ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். பாரதி அப்போது புதுச்சேரியில் இருந்தார். அவ்வாண்டு ஏப்ரலில் அரவிந்தர் வந்து சேர்ந்தார், பிற்பகுதியில் வ.வே.சு. ஐயரும் வந்தார். அடைக்கலம் தேடி வந்தவர்களால் அச்சிறு நகரம் நம் இலக்கிய வரலாற்றில் நிலையான இடம் பெற்ற காலம் அது. நகரின் கட்டடங்களில் பறந்த அதே பிரெஞ்சுக் கொடியின் கீழ், ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால், ஜூலை 21ஆம் நாள் வேறொரு நாடகம் நடந்தது.

1903இல் தொடங்கிய 'தூர் த பிரான்ஸ்' பந்தயம் அன்று முதன்முறையாகப் பிரனீஸ் மலைத்தொடரின் உயர்ந்த கணவாய்களைக் கடந்தது. லுஷோனிலிருந்து பயோன் வரை 326 கிலோமீட்டர். வழியில் 2115 மீட்டர் உயரமுள்ள தூர்மலே கணவாய். பந்தயத்தை நடத்திய பத்திரிகையின் செய்தியாளரான அல்ஃபோன்ஸ் ஸ்தைனஸ் முன்னதாக அவ்வழியைப் பார்வையிடச் சென்று பனியில் சிக்கித் தடுமாறியிருக்கிறார். ஆனாலும் பாதை நன்றாகவே உள்ளது என்று தந்தி அடித்துவிட்டார். அந்தப் பொய்யின் விலையைக் கொடுத்தவர்கள் போட்டியாளர்கள். அன்றைய கட்டத்தையும் அவ்வாண்டுப் பந்தயத்தையும் வென்ற ஒக்தாவ் லாபீஸே வழியில் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தார். அமைப்பாளர்களைப் பார்த்துக் கொலைகாரர்கள் என்று சீறினார் என்பது இன்றுவரை பேசப்படும் செய்தி. தூர்மலேயை இறங்காமலே ஏறி முடித்த பெருமை குஸ்தாவ் காரிகுவுக்குக் கிடைத்தது. அதற்கெனத் தனிப் பரிசும் அளித்தார்கள்.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். அக்காலத்தின் தலைசிறந்த வீரர்கள் ஏன் நடந்தார்கள்? சாலை கரடுமுரடாக இருந்தது, வண்டி கனமாக இருந்தது, இரண்டும் உண்மையே. அவற்றினும் பெரிய காரணம் ஒன்று உண்டு. ஓடும்போதே மாற்றத்தக்க கியர் அவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்தது. பந்தயத்தின் தந்தை எனப்படும் ஆன்ரி தெகிராஞ்ஜ், கியர் மாற்றுவது முதியவர்களுக்கானது, வெற்றி தசையால் வர வேண்டுமே அன்றிக் கருவியால் அன்று என்று உறுதியாக நம்பினார். பின்சக்கரத்தின் இருபுறமும் வெவ்வேறு அளவுப் பல்சக்கரங்களைப் பொருத்தி, மலையடிவாரத்தில் இறங்கிச் சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டுவதே பிற்காலத்தில் வீரர்களுக்குக் கிட்டிய சலுகை. 1937 வரை இந்நிலை நீடித்தது. தடை நீங்கிய அவ்வாண்டில் வென்றவர் ரொஜே லாபெபி.

*

ஆனால் தெகிராஞ்ஜ் மறுத்த கருவியை எளிய மனிதர்கள் அதற்கு முன்பே கண்டடைந்திருந்தார்கள். அவர்களுள் முதன்மையானவர் போல் தெ விவி. 1853இல் பிறந்த இவர் சேந்த்-எத்தியேன் நகரத்துப் பட்டு வணிகர். நடுவயதை நெருங்கும்போது மிதிவண்டியில் மனம் பறிகொடுத்து, 1887இல் அதற்கென ஓர் இதழ் தொடங்கினார்; பிறகு பட்டு வணிகத்தையே விட்டுவிட்டு மிதிவண்டிக் கடை வைத்தார். 'வெலோசியோ' என்னும் புனைபெயரில் எழுதினார். மரக்கறி உணவு மட்டும் கொண்டவர். எஸ்பெராந்தோ மொழியை ஆதரித்தவர். நம் ஊரில் பிறந்திருந்தால் சிறுபத்திரிகை நடத்தியிருப்பார் என்று தோன்றுகிறது. அவர் நடத்தியதும் ஒரு வகையில் அதுதானே.

சேந்த்-எத்தியேனுக்கு அருகே 1161 மீட்டர் உயரத்தில் ஒரு கணவாய் உண்டு. வெலோசியோ அதில் மீண்டும் மீண்டும் ஏறினார். பந்தயத்துக்காக அன்று, ஏறுவதற்காகவே ஏறினார். ஏறியபோதுதான் ஓர் உண்மை அவருக்குத் தெளிந்தது. மனிதக் கால்கள் ஒரே சீரான வேகத்தில் சுழலும்போதே நெடுநேரம் உழைக்கும். நிலம் மாறும்போது மாற வேண்டியது காலின் சுழற்சி அன்று, பல்சக்கரத்தின் அளவு. இரண்டு சங்கிலிகள், கையால் மாற்றும் அமைப்புகள் என்று பலவற்றையும் தம் வண்டியிலேயே சோதித்தார். இன்று நாம் காணும் கியர் அமைப்பின் வளர்ச்சியில் அவருக்கும் அவரைப் பின்பற்றிய ஆர்வலர்களுக்கும் பெரும் பங்குண்டு. அவர் பயணிகளுக்கு வகுத்த நெறிகளும் புகழ்பெற்றவை. பசிக்குமுன் உண், தாகத்துக்குமுன் குடி, களைப்புக்குமுன் ஓய்வெடு என்பன போன்றவை அவை. எல்லாவற்றுள்ளும் நம்மை நிறுத்திய நெறி, வீண் பெருமைக்காக ஒருபோதும் மிதிக்காதே என்பது.

அதன் பொருளை விளக்க 1902ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று போதும். பிரான்சின் சுற்றுலாக் கழகம் ஒன்று பிரனீஸில் மிதிவண்டிகளுக்கான சோதனை ஓட்டம் நடத்தியது. தூர்மலேயும் அவ்வழியில் இருந்தது. மூன்று கியர் கொண்ட வண்டியில் வந்த மார்த் எஸ் என்னும் பெண்மணி, இறங்கி நடக்காமலே ஏறி முடித்தார் என்பது அன்றைய வியப்பு. காரிகுவின் சாதனைக்கு எட்டாண்டுகள் முற்பட்டது இது. தசை வலிமையைக் கொண்டாடியவர்களுக்கு இது கசந்திருக்கும். ஒரு பெண் சிரமமின்றி ஏறக்கூடுமானால் மலை வீரத்தின் அளவுகோல் ஆவது எப்படி? தெகிராஞ்ஜ் அச்சோதனையைப் பாராட்டிவிட்டு, கியர் நாற்பத்தைந்து வயதைக் கடந்தவர்களுக்கே உரியது என்று தம் கருத்தில் நின்றார். மலை, வலியவர்களின் தனிச்சொத்தாக முப்பத்தைந்து ஆண்டுகள் வேலியிடப்பட்டுக் கிடந்தது.

*

நம் நாட்டில் அந்த வேலி வேறு வகையில் நீடித்தது. இங்கே யாரும் கியரைத் தடை செய்யவில்லை. அது வந்து சேரவே இல்லை. 1949இல் அம்பத்தூரில் தொடங்கிய டி.ஐ. நிறுவனமும் பிறகு லூதியானாவின் ஆலைகளும் நமக்குத் தந்தவை உழைப்பாளியின் மிதிவண்டிகள். மீன் கூடையும் பால் கேனும் நெல் மூட்டையும் சுமக்க வல்லவை. வீராம்பட்டினத்து மீன் வில்லியனூர்த் தெருவுக்குப் போனது பல காலம் அவ்வண்டிகளின் பின்னிருக்கையில்தான். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தோடு பல்லாயிரம் கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டபோது, அவர்களின் விடுதலைக்குத் துணை நின்றதும் அத்தகைய ஒற்றை கியர் வண்டியே. அதைக் குறை சொல்ல நமக்கு மனம் வராது. ஆனால் அது மலைக்கு ஆகாது. ஏன் என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம்.

வழக்கமான வண்டியில் முன்னே 44 பல், பின்னே 18 பல் என்று கொள்வோம். மிதியை ஒரு முறை சுழற்றினால் பின்சக்கரம் ஏறத்தாழ இரண்டரைச் சுற்றுச் சுழன்று வண்டியைச் சுமார் 5.4 மீட்டர் நகர்த்தும். நூறு மீட்டருக்கு எட்டு மீட்டர் உயரும் மலைச்சாலையில் இதன் பொருள், ஒவ்வொரு சுழற்சிக்கும் நம் உடலையும் வண்டியையும் ஒன்றரை அடி அளவு மேலே தூக்குகிறோம் என்பது. முன்னும் பின்னும் 34 பல் கொண்ட சிறு கியரில் அதே சுழற்சி இரண்டு மீட்டருக்குச் சற்று மேல் மட்டுமே நகர்த்தும். தூக்க வேண்டியதும் அரை அடிக்குச் சற்று மேல்தான். மலையின் உயரம் குறைவதில்லை. அதைச் சிறு சிறு படிகளாக வெட்டிக்கொள்கிறோம், அவ்வளவே. செங்குத்துப் பாறையில் ஏற இயலாத கிழவியும் படிக்கட்டு அமைத்தால் மலைக்கோயிலுக்குப் போய்ச் சேர்கிறாள் அல்லவா?

*

தமிழகத்து மலைச்சாலைகளை ஆர்வலர்கள் கூட்டமாக நாடத் தொடங்கியது அண்மைக்காலத்தில்தான். பிரான்சில் பந்தயத்தின் மலைக்கட்டம் ஒன்றைப் பொதுமக்களும் ஓட்டிப் பார்க்கும் நிகழ்வு 1993இல் தொடங்கியது. இங்கே பெங்களூர் நண்பர்கள் முன்னெடுத்த 'டூர் ஆஃப் நீல்கிரிஸ்' 2008 டிசம்பரில் தொடங்கிற்று. அதன் பெயரோடு இணைந்து பேசப்படுவது கல்லட்டி ஏற்றம். மசினகுடியிலிருந்து உதகைக்கு 36 கொண்டை ஊசி வளைவுகளோடு செல்லும் பாதை. மொத்த ஏற்றம் ஆயிரத்து இருநூறு மீட்டர் அளவில் வரும். சேலத்திலிருந்து ஏற்காடு 20 வளைவுகள். வல்வில் ஓரியின் கொல்லிமலை 70 வளைவுகள்.

ஏலகிரியைத் தனியே சொல்ல வேண்டும். அதன் 14 வளைவுகளுக்கும் தமிழ்ப் புலவர்களின் பெயர்களையும் கடையெழு வள்ளல்களின் பெயர்களையும் சூட்டியிருக்கிறார்கள். புதுச்சேரியின் பாவேந்தருக்கும் அங்கே ஒரு வளைவு உண்டு. இலக்கிய ஆர்வலர்களாகிய நாங்கள் சிலர் அந்த இளைஞர்களோடு அங்கே சென்றோம். கடலோரத்தில் ஐம்பது கிலோமீட்டரை எளிதாகக் கடந்த தெம்பு எங்களுக்கு இருந்தது. முதல் சில வளைவுகளைப் புலவர் பெயர்களை உரக்கப் படித்துக்கொண்டே வேகமாக ஏறினோம். பாரியின் பெயர்ப்பலகை கண்ணில் பட்டபோது எங்களுள் இருவர் வண்டியைவிட்டு இறங்கியிருந்தோம். முல்லைக்குத் தேரைக் கொடுத்துவிட்டு நடந்தவனின் வளைவில் நாமும் நடப்பதே முறை என்று சொல்லிச் சிரித்துக்கொண்டோம். ஆனால் அது வெட்கத்தை மறைக்கும் சிரிப்பு. எங்களைவிட மெலிந்த, எங்களைவிட மெதுவாகத் தொடங்கிய ஒரு நண்பர், மிகச் சிறிய கியரில் ஒரே சீராக மிதித்தபடி எங்களைக் கடந்து போனார். வீண் பெருமைக்காக மிதிக்காதே என்ற வெலோசியோவின் நெறி அன்றைக்குத்தான் எங்களுக்கு உறைத்தது.

*

இனி அந்த இளைஞர்களின் கேள்விக்கு வருவோம். மலையில்லாத ஊரில் மலைக்கு எப்படிப் பழகுவது?

முதல் விடை காற்று. மலைநாட்டார் கணவாய்களுக்குப் பெயரிட்டது போல நெய்தல் நிலத்தார் காற்றுகளுக்குப் பெயரிட்டார்கள்: வாடை, கொண்டல், சோழகம், கச்சான். கடலோரச் சாலையில் எதிர்காற்றில் ஒரு மணி நேரம் மிதிப்பவனுக்கு ஓய்வே கிடையாது. மிதிப்பதை நிறுத்திய கணத்தில் வண்டி தளர்ந்துவிடும். மலையும் அப்படித்தான். இடைவிடாத எதிர்ப்புக்கு உடலைப் பழக்கக் காற்றே நமக்கு ஆசான். ஆயினும் காற்று முழு மலை ஆகாது. ஏற்றத்தில் முன்சக்கரம் உயர்ந்து உடல் பின்னே சாய்கிறது. முதுகும் கைகளும் வேறு விதமாக உழைக்கின்றன. அதற்கு உண்மையான சரிவு வேண்டும்.

இரண்டாம் விடை மேடு. கோரிமேட்டுச் சரிவோ நகரத்து மேம்பாலமோ, ஏதேனும் ஒன்றைத் திரும்பத் திரும்ப ஏறுவது. ஓர் ஏற்றம் முப்பது மீட்டர் எனக் கொண்டால், நாற்பது முறை ஏறினால் கல்லட்டியின் உயரம் கணக்கில் சேர்ந்துவிடும். இது விளையாட்டுப் பேச்சன்று. எவரெஸ்ட் சிகரத்தில் 1924இல் மறைந்த ஜார்ஜ் மல்லோரியின் அதே பெயர் கொண்ட பேரர், 1994இல் ஆஸ்திரேலியாவில் டோனா புவாங் என்னும் மலையை மிதிவண்டியில் மீண்டும் மீண்டும் ஏறித் தம்மைத் தயார் செய்தார். மறு ஆண்டு எவரெஸ்ட்டின் உச்சியை அடைந்தார். ஒரே ஏற்றத்தைத் திரும்பத் திரும்ப ஏறி எவரெஸ்ட்டின் 8848 மீட்டரைக் கூட்டி எடுக்கும் வழக்கம் 2014 முதல் உலகெங்கும் பரவியிருக்கிறது.

இதற்கு இன்னும் பழைய சான்று ஒன்றும் உண்டு. பாவேந்தர் பிறந்த அதே 1891இல் தொடங்கிய பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் பயணம், இன்று நான்காண்டுக்கு ஒருமுறை ஆர்வலர்களுக்காக நடைபெறுகிறது. 1200 கிலோமீட்டரை 90 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். இந்தியாவிலிருந்தும் பலர் சென்று வருகிறார்கள். அவ்வழியில் நானூறு மீட்டரைத் தாண்டும் இடம் எதுவுமில்லை. ஆனால் சிறு சிறு மேடுகளாக ஏறி இறங்கும் உயரத்தைக் கூட்டினால் பத்தாயிரம் மீட்டருக்கு மேல், அதாவது எவரெஸ்ட்டின் உயரத்தையே மிஞ்சும். மலை என்று ஒன்றும் இல்லாத நிலத்தில் உலகின் மிக உயர்ந்த மலையே சிதறிக் கிடக்கிறது.

எஞ்சியவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். புதுச்சேரியின் வெயிலும் ஒரு பயிற்சியே. வெப்பத்துக்குப் படிப்படியாகப் பழகிய உடலில் குருதியின் நீர்ப்பகுதி பெருகுகிறது. 2240 மீட்டர் உயரத்து உதகையில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதன் முக்கால் பங்கை ஒட்டியே இருப்பதால், கீழே மூச்சு வாங்காத வேகம் மேலே வாங்க வைக்கும். முதல் நாளிலேயே விரையலாகாது. கடற்கரையில் பழகவே முடியாதது இறக்கம் ஒன்றுதான். நெடுநேரம் பிரேக்கை அழுத்திப் பிடித்தால் சக்கர விளிம்பு சூடேறி டியூப் வெடிக்கக் கூடும். ஆகவே வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, இரு பிரேக்குகளையும் விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். கல்லட்டியில் இறங்கும்போது நேர்ந்த விபத்துகளின் காரணமாக, வெளியூர் வண்டிகள் அவ்வழியே இறங்கக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டதை மறக்கலாகாது. ஏறுவதில் தோற்றவர் நடந்து திரும்பலாம். இறங்குவதில் தோற்றவருக்கு அவ்வாய்ப்பு இல்லை.

*

ஆடி மாதத்து ஐந்தாம் வெள்ளியன்று வீராம்பட்டினத்தில் செங்கழுநீர் அம்மனுக்குத் தேர்த்திருவிழா. பிரெஞ்சு ஆட்சியில் ஆளுநரே வந்து வடம் பிடித்துத் தொடங்கி வைத்த வழக்கம், இன்று துணைநிலை ஆளுநரால் தொடர்கிறது. ஆளுநர் தொடங்கி வைத்துவிட்டுப் போய்விடுவார். தேரை நிலைக்குக் கொண்டு சேர்ப்பவர்கள் ஊரார். முன்னே வடம் இழுக்க ஆயிரம் கைகள், பின்னே சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடத் தேர்ந்த சிலர். தேர் விரைவதில்லை. அடி அடியாக நகர்ந்து, நின்று, மீண்டும் நகர்ந்து வந்து சேர்கிறது.

லாபீஸ் 1917இல் போர் விமானியாக மடிந்தார். வெலோசியோ 1930இல் தம் ஊர்த் தெருவில் டிராம் வண்டி மோதி இறந்தார். அவர் விரும்பி ஏறிய கணவாயில் அவர் நினைவாக ஆண்டுதோறும் மக்கள் ஏறும் விழா 1922இலேயே, அவர் வாழ்ந்தபோதே தொடங்கியிருந்தது. வலியவர்கள் காத்து நின்ற வேலி 1937இல் விழுந்தது. இன்று தூர்மலேயில் ஏறும் ஒவ்வொரு பந்தய வீரரும் ஒரு பட்டு வணிகரும் ஒரு பெண்மணியும் முன்பே நடைமுறையில் காட்டிய வழியில்தான் ஏறுகிறார்.

கேள்வி எழுப்பிய இளைஞர்களுக்கு நாம் சொல்ல முடிந்தது இவ்வளவே. பெரிய மலை இல்லையே என்று வருந்த வேண்டாம். பெருமையைக் கீழே வைத்துவிட்டுச் சிறிய கியரை எடுத்துக்கொள்ளுங்கள். கோரிமேட்டில் நாற்பது முறை ஏறுங்கள். நாற்பதாவது முறையும் முதல் முறை போலவே சீராக மிதிக்க முடிந்தால், கல்லட்டிக்குப் போகலாம்.